பாஸ்டன் பழைய நகரை நடந்தே பார்க்க: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் பெருநகரங்களில் கார் இல்லாமலே சுற்றிப்பார்க்கக்கூடியவை மிகச் சில. அவற்றுள் பாஸ்டனுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. 1630இல் இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன் சமயப் பிரிவினர் ஒரு சிறு தீபகற்பத்தில் குடியேறி எழுப்பிய ஊர் இது. அக்காலத்துத் தெருக்கள் இன்றும் ஏறக்குறைய அதே வளைவு நெளிவுகளோடு இருக்கின்றன. இந்தத் தெருக்களில் கார் ஓட்டுவது உள்ளூர்க்காரர்களுக்கே தொல்லை. நிறுத்துமிடக் கட்டணமோ ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டிவிடும். ஆகவே, பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோரானாலும், படிக்க வந்திருக்கும் மாணவரானாலும், அலுவல் பயணத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தவரானாலும், காரை விட்டுவிட்டு நல்ல காலணி அணிந்து வருவதே சரியான தொடக்கம்.

பழைய நகரைப் பார்ப்பதற்கு முதுகெலும்பாக அமைந்திருப்பது 'ஃப்ரீடம் டிரெயில்' எனப்படும் நடைபாதை. வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர் 1951இல் முன்வைத்த யோசனையால் உருவான இப்பாதை, பாஸ்டன் காமன் என்னும் பூங்காவில் தொடங்கி, ஆற்றுக்கு அப்பால் சார்ல்ஸ்டவுனில் உள்ள பங்கர் ஹில் நினைவுத்தூணில் முடிகிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் 16 இடங்கள் உள்ளன. நடைமேடையில் செங்கல் பதித்தோ சிவப்பு வண்ணம் பூசியோ ஒரு கோடு போடப்பட்டிருப்பதால் வழி தவற வாய்ப்பில்லை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: 'ரெட் லைன்' என்று உள்ளூர்க்காரர் சொல்வது ரயில் பாதையையே, இந்தச் சிவப்புக் கோட்டை யாரிடமாவது விசாரிக்கும்போது 'ஃப்ரீடம் டிரெயில்' என்றே கேட்க வேண்டும்.

புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய தேதிகள்

இந்தப் பாதையில் ஒரு குறை உண்டு. இடங்கள் புவியியல் வரிசையில் வருகின்றனவே தவிர, நிகழ்ச்சிகள் நடந்த வரிசையில் வருவதில்லை. 1776இல் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்ட மாடத்தைப் பார்த்த பிறகுதான் 1775இல் விளக்கேற்றிய தேவாலயத்துக்குப் போகிறோம். முன்பின் தெரியாமல் நடந்தால், எல்லாமே பழைய செங்கல் கட்டடங்களாகத்தான் தோன்றும். எனவே, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து அமெரிக்கா விடுபட்ட போராட்டத்தின் சில தேதிகளை முதலிலேயே மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்வது, எந்த நுழைவுச்சீட்டை வாங்குவதையும்விட முக்கியமானது என்பது என் கருத்து.

1770 மார்ச் 5 அன்று, பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். 1773 டிசம்பர் 16 இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகள் துறைமுகத்தில் கொட்டப்பட்டன. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனிதான் இது. கொட்டப்பட்டதோ சீனத் தேயிலை. கம்பெனி தன் சரக்கைக் குடியேற்றங்களில் நேரடியாக விற்க நாடாளுமன்றம் வழிசெய்து கொடுத்தபோதும் தேயிலை வரியை மட்டும் விட்டுவைத்ததே சினத்துக்குக் காரணம். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை புறப்பட்ட செய்தி விளக்குகளால் அறிவிக்கப்பட்டது. மறுநாள் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் போர் மூண்டது. அதே ஆண்டு ஜூன் 17இல் பங்கர் ஹில் சண்டை நடந்தது. 1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியது. ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனம் இங்கு மக்கள் முன் வாசிக்கப்பட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பருவமும் போக்குவரத்தும்

மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. அக்டோபரில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். ஏப்ரல் மாதம் மூன்றாம் திங்கட்கிழமை பாஸ்டன் மாரத்தான் நடைபெறும். மே மாதம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் நடைபெறும். அந்த நாட்களில் விடுதி வாடகை கடுமையாக ஏறிவிடுவதால், தேதியை மாற்ற முடிந்தவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது. சனவரி, பிப்ரவரி மாதங்களில் செங்கல் நடைமேடைகளில் பனிக்கட்டி உறைந்து வழுக்கும். வயதானவர்களை அப்போது அழைத்துவருவது உசிதமன்று.

லோகன் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர, 'சில்வர் லைன் எஸ்எல்1' பேருந்தில் கட்டணம் இல்லை. அது சவுத் ஸ்டேஷனில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ரெட் லைன் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட். உள்ளூர்க்காரர் இந்தப் போக்குவரத்து அமைப்பு முழுவதையும் 'டி' என்ற ஒற்றை எழுத்தால் குறிப்பிடுவார்கள். ரயிலுக்கு ஒருவழிக் கட்டணம் 2.40 டாலர், தொடாமல் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையை நுழைவாயிலில் காட்டினாலே போதும். 11 வயது வரையுள்ள குழந்தைகள், கட்டணம் செலுத்தும் பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம்.

பூங்காவிலிருந்து பழைய அரசு மாளிகை வரை

காலை ஒன்பது மணிக்கெல்லாம் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். 1897இல் திறக்கப்பட்ட, அமெரிக்காவின் முதல் சுரங்க ரயில் பாதையில் அமைந்த நிலையம் இது. மேலே ஏறி வந்தால் பாஸ்டன் காமன். 1634இல் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமாக ஒதுக்கப்பட்ட இந்த 50 ஏக்கர், நாட்டின் மிகப் பழைய பொதுப் பூங்காவாகக் கருதப்படுகிறது. டிரெமான்ட் தெருவை ஒட்டியுள்ள பார்வையாளர் மையத்தில் வரைபடம் கிடைக்கும். பழங்கால உடையணிந்த வழிகாட்டிகள் கட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் நடைப்பயணங்களும் இங்கிருந்தே தொடங்குகின்றன. கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டியவர்கள் இங்கேயே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த வசதியான இடம் மதிய உணவுச் சந்தையில்தான்.

மேட்டின்மேல் பொன்முலாம் பூசிய குவிமாடத்தோடு நிற்பது மாசசூசெட்ஸ் மாநில அரசு மாளிகை. சார்ல்ஸ் புல்ஃபின்ச் வடிவமைத்து 1798இல் முடிந்த கட்டடம். வார நாட்களில் மட்டும் உள்ளே இலவசமாகப் பார்க்கலாம். சட்டமன்ற அவையில் மரத்தால் செதுக்கிய ஒரு காட் மீன் தொங்கும். இம்மாநிலத்தின் பழைய செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது சாட்சி.

பலர் மாளிகையைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவ்வாறு செய்யாமல், தெருவின் எதிர்ப்புறம் பூங்கா ஓரமாக உள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பத்தின்முன் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரில், வடபகுதியில் திரட்டப்பட்ட தொடக்ககாலக் கறுப்பினப் படைப்பிரிவுகளில் ஒன்றான 54ஆம் மாசசூசெட்ஸ் படையும், அதன் தளபதி ராபர்ட் கூல்டு ஷாவும் அணிவகுத்துச் செல்லும் காட்சி இது. 1863 சூலையில் தென்தரப்பின் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது ஷாவும் அவருடைய வீரர்கள் பலரும் மடிந்தனர். அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி பத்தாண்டுக்கும் மேலாக உழைத்து 1897இல் இதை முடித்தார். வரிசையில் நடக்கும் வீரர்களின் முகங்களைக் கூர்ந்து பார்த்தால், இளைஞர், நடுவயதினர், தாடி வைத்தவர் என ஒவ்வொருவரும் தனித்தனி மனிதராக வடிக்கப்பட்டிருப்பது தெரியும். கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துவந்த காலத்தில் இது சாதாரணச் செயலன்று. என்னைக் கேட்டால், பாஸ்டனின் பொதுவெளிச் சிற்பங்களில் இதற்கு இணை வேறில்லை. இதில் ஈடுபாடு ஏற்படுபவர்கள், பீக்கன் ஹில் பகுதிக்குள் செல்லும் 'பிளாக் ஹெரிடேஜ் டிரெயில்' என்னும் இன்னொரு பாதையைப் பிறகொரு நாள் நடக்கலாம். 1806இல் கட்டப்பட்ட ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் அதில்தான் உள்ளது.

கீழிறங்கினால் பார்க் ஸ்ட்ரீட் தேவாலயத்தை அடுத்து கிரானரி கல்லறைத் தோட்டம். 1660இல் தொடங்கிய இடம். விடுதலைப் போராட்டத்தின் முன்னணியினரான ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ், பால் ரிவியர் ஆகியோரும், 1770 துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களும் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். நடுவில் 'ஃப்ராங்க்ளின்' என்ற பெயரோடு உயர்ந்து நிற்கும் தூணைப் பார்த்துப் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் கல்லறை என்று எண்ணுவோர் ஏராளம். அது அவருடைய பெற்றோருக்கு எழுப்பியது. அவர் அடக்கமாகியிருப்பது ஃபிலடெல்ஃபியாவில். கற்களில் செதுக்கியுள்ள சிறகுள்ள மண்டையோடுகளைக் கவனியுங்கள். கல்லைத் தொடவோ அதில் சாயவோ கூடாது.

அடுத்து வரும் கிங்ஸ் சேப்பல், 1635இல் தொடங்கிய பொதுப்பள்ளி இருந்த இடம், அதனருகே நிற்கும் ஃப்ராங்க்ளின் சிலை, பழைய மூலைப் புத்தகக் கடைக் கட்டடம் ஆகியவற்றை வெளியிலிருந்து பார்த்தபடியே கடந்து செல்லலாம். ஒரு காலத்தில் நாட்டின் பெரும் எழுத்தாளர்கள் கூடிய அந்தப் புத்தகக் கடையில் இப்போது துரித உணவகம் நடக்கிறது. உள்ளே போய் ஏமாற வேண்டாம்.

நுழைவுச்சீட்டு வாங்கத் தகுந்தவை அடுத்த இரண்டும்தான். ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ் 1729இல் கட்டப்பட்ட வழிபாட்டுக் கூடம். நகரில் அதைவிடப் பெரிய கூடம் அப்போது இல்லாததால், தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கூட்டம் இங்குதான் நடந்தது. ஏறத்தாழ 5,000 பேர் உள்ளும் புறமுமாகத் திரண்டனர் என்பர். ஆளுநர் மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் கூட்டம் துறைமுகம் நோக்கி நகர்ந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே சிறியதாக நிற்பது 1713ஆம் ஆண்டின் ஓல்டு ஸ்டேட் ஹவுஸ். கீழ்த்தளத்தில் ரயில் நிலையம், மேலே அரசரின் சின்னமான சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், நடுவில் பிரகடனம் வாசிக்கப்பட்ட மாடம். மாடத்துக்கு எதிரே தரையில் பதித்த கல் வட்டம்தான் 1770 துப்பாக்கிச் சூட்டின் அடையாளம். சுட்ட சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ் என்பதை இங்கு நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது அவ்வழக்கை ஏற்ற அவர்தான் பின்னாளில் நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரானார். இவ்விரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச்சீட்டு வாங்கலாம்.

மதிய உணவும் நார்த் எண்டும்

ஃபானில் ஹால், பீட்டர் ஃபானில் என்ற வணிகர் 1742இல் ஊருக்குக் கொடுத்த சந்தையும் சபா மண்டபமும் ஆகும். 'விடுதலையின் தொட்டில்' என்று புகழப்படும் இதைக் கட்டியவரின் செல்வத்தில் அடிமை வணிகப் பணமும் கலந்திருந்தது; அப்பெயரை மாற்ற வேண்டுமென்ற கோரிக்கை எழுந்ததும் அதனால்தான். பின்புறமுள்ள குவின்சி மார்க்கெட்டில் உணவுக்கடைகள் வரிசையாக உண்டு. கூட்டமும் விலையும் மிகுதி. கழிப்பறைக்காகப் போகலாம், பசியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் நடந்து இத்தாலியர் குடியிருப்பான நார்த் எண்டில் சாப்பிடுவதே மேல். சைவ உணவினருக்கு அங்கு இறைச்சியில்லாத பாஸ்தாவும் பீட்சாவும் எளிதில் கிடைக்கும். 'கிளாம் சவுடர்' என்று எங்கும் எழுதியிருப்பது சிப்பி போட்ட சூப். பெரும்பாலும் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். பாலேடு நிறத்தைப் பார்த்து உருளைக்கிழங்கு சூப் என்று வாங்கிவிடக் கூடாது.

வழியில் ஒரு நீண்ட பூங்காவைக் கடப்பீர்கள். முன்பு அங்கே நகரை இரண்டாகப் பிளந்தபடி உயர்மட்ட நெடுஞ்சாலை ஓடியது. 'பிக் டிக்' என்ற பெருந்திட்டத்தில் அதைப் பூமிக்குள் இறக்கிய பின்னரே நார்த் எண்ட் மீண்டும் நகரோடு சேர்ந்தது.

பால் ரிவியர் வீடு, 1680ஆம் ஆண்டளவில் கட்டிய மரவீடு. வெள்ளிக் கொல்லரான ரிவியர், பிரிட்டிஷ் படை வருவதை அறிவிக்கக் குதிரையேறும் பயணத்துக்கு இங்கிருந்துதான் புறப்பட்டார். அறைகள் சிறியவை, கட்டணமும் சிறியதே. அங்கிருந்து ஓல்டு நார்த் தேவாலயம் அருகில். 1723ஆம் ஆண்டுக் கட்டடமான இதன் கோபுரத்தில்தான், படை நீர்வழியாகச் செல்கிறது என்பதற்கு அடையாளமாக இரண்டு விளக்குகள் காட்டப்பட்டன. உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே அடைப்புப் போட்ட இருக்கைகளைக் காணலாம். குளிர்காலத்தில் காலடியில் கணப்பு வைத்துக்கொண்டு அமர்வதற்காக அப்படி அமைத்தார்கள். தேவாலயத்துக்கு எதிரே ஹல் தெருவில் ஏறினால், பத்தடி அகலமே உள்ள ஒரு மெல்லிய வீடும், அதற்கு எதிர்ப்புறம் காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. வீட்டில் ஆள் குடியிருப்பதால் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆற்றுக்கு அப்பால்

இங்கிருந்து நார்த் வாஷிங்டன் தெருப் பாலம் வழியாகச் சார்ல்ஸ்டவுனுக்கு நடக்க வேண்டும். சென்னைக்காரர்கள் இந்தக் கரையில் சற்று நிற்கலாம். ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து வெப்ப நாடுகளுக்கு விற்ற ஃப்ரெடரிக் டியூடர் என்ற வணிகரின் கப்பல்துறை சார்ல்ஸ்டவுனில்தான் இருந்தது. 1833இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தா சென்றது. சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் 1842இல் எழுந்த கிடங்குதான், பிறகு விவேகானந்தர் தங்கியதால் பெயர் மாறிய நம் ஐஸ் ஹவுஸ்.

கடற்படைத் தளத்தில் நிற்கும் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் 1797இல் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் கடற்படையின் முறையான பணிக்கப்பலாக மிதக்கிறது. பிரிட்டனுடன் நடந்த 1812ஆம் ஆண்டுப் போரில் பீரங்கிக் குண்டுகள் இதன் ஓக் மரப் பலகைகளில் பட்டுத் தெறித்ததால் 'இரும்புப் பக்கத்தான்' என்ற பட்டப்பெயர் பெற்றது. பார்க்கக் கட்டணமில்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனை உண்டு, பெரியவர்கள் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்கள் கடவுச்சீட்டின் மூலப்படியையே எடுத்துவர வேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தை நம்பி வந்தால் கரையில் நின்றே பார்க்க நேரிடும். திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பங்கர் ஹில் நினைவுத்தூண்: 221 அடி உயரம், 294 படிகள், மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலியுள்ளவர்கள் ஏறாமல், தெருவுக்கு எதிரேயுள்ள இலவச அருங்காட்சியகத்தைப் பார்த்தால் சண்டை நன்றாகவே விளங்கும். பிரிட்டிஷார் மேட்டைப் பிடித்தார்கள். ஆயினும் அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களைச் சாவிலும் காயத்திலும் இழந்தார்கள். சண்டை பெரும்பாலும் நடந்தது தூண் நிற்கும் இந்தப் பிரீட்ஸ் ஹில்லில்தான் என்றாலும், பக்கத்துக் குன்றின் பெயரே நிலைத்துவிட்டது. திரும்பும்போது நடக்க வேண்டியதில்லை. கடற்படைத் தளத்திலிருந்து லாங் வார்ஃபுக்குப் படகு உண்டு, பத்து நிமிடத்தில் நகர மையம் வந்துவிடலாம்.

இத்தனையையும் ஒரே நாளில் முடிப்பது இளைஞர்களுக்கு இயலும். பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்து வருபவர்கள் இரண்டு காலைகளாகப் பிரிப்பதே நல்லது. முதல் நாள் ஃபானில் ஹாலோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் காலை லாங் வார்ஃபில் படகேறிச் சார்ல்ஸ்டவுனில் தொடங்கி, பாதையைத் தலைகீழாக நடந்து, மதிய உணவு வேளையில் நார்த் எண்டுக்கு வந்து சேர்ந்தால் களைப்பு தெரியாது.

மேலும் ஒரு நாள் இருந்தால்

கலையில் நாட்டமுள்ளவர்கள் கிரீன் லைனின் 'இ' கிளையில் ஏறி நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். கொழும்பில் 1877இல் தமிழரான முத்துக் குமாரசாமிக்கு மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1917 முதல் 1947இல் இறக்கும்வரை பணியாற்றிய இடம் இது. மண்ணியல் படித்த அவர் இந்தியக் கலையை மேலைநாட்டார் மதிக்கும்படி விளக்கியவர்; இங்குள்ள இந்தியத் தொகுப்புக்கு உருக்கொடுத்தவரும் அவரே. சாஞ்சியைச் சேர்ந்த யட்சியின் உடற்சிலையும், பல்லவர் காலத் துர்க்கைக் கற்சிலையும் இத்தொகுப்பைச் சேர்ந்தவை. காட்சிக்கூடங்களில் பொருள்களை அவ்வப்போது மாற்றுவதால், குறிப்பிட்ட ஒன்றைத் தேடி வருபவர்கள் முன்பே விசாரித்துவிட்டு வர வேண்டும். நடை தொலைவில் உள்ள இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில், 1990இல் 13 கலைப்பொருள்கள் களவுபோன இடத்தில் வெறும் சட்டங்கள் இன்னமும் தொங்குகின்றன. இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆற்றின் மறுகரையில், கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளது. பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து ரெட் லைனில் நேரே செல்லலாம். 1636இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்காக உலகத் தமிழர்கள் நிதி திரட்டியதும், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அங்குள்ள ஜான் ஹார்வர்டு சிலையின் பீடத்தில் அவர் நிறுவனர் என்றும், ஆண்டு 1638 என்றும் எழுதியிருக்கிறது. அவர் நிறுவனரல்லர், கொடையாளர். ஆண்டும் தவறு, முகமும் அவருடையதன்று. சிலையின் கால் கட்டைவிரலைத் தொட்டுப் படமெடுக்க வரிசை நிற்கும். மாணவர்களின் இரவுக் குறும்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

அன்றே விமானம் ஏற வேண்டியவர்கள், ஹார்வர்டு நிலையத்திலிருந்து ரெட் லைனிலேயே சவுத் ஸ்டேஷன் சென்று, வெளியே வராமல் அங்கேயே எஸ்எல்1 பேருந்துக்கு மாறிக்கொள்ளலாம். விமான நிலையத்திலிருந்து வரும்போதுதான் அப்பேருந்து இலவசம். போகும்போது ரயிலுக்குச் செலுத்திய கட்டணமே அதற்கும் செல்லும்.